வீட்டு முற்றத்திலேயே நொக் சென்சரைக் கழற்றலாம்: மலையக வாகனக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கினிகத்தேனையைத் தாண்டி வட்டவளை ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. டாஷ்போர்டில் என்ஜின் லைட் எரிகிறது. கராஜுக்குப் போனால் ஸ்கேனரைச் சொருகி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நொக் சென்சர் போயிருச்சுங்க, மாத்தணும்" என்கிறார்கள். இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்சரைப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட். அந்தப் போல்ட்டுக்குக் கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. திரும்பப் பூட்டும்போது சரியான அளவில் இறுக்குவதுதான் வித்தை. முதல் விஷயத்துக்குப் பொறுமை போதும். இரண்டாவதை நம் ஊர்க் கராஜ்கள் பலவற்றில் கண்டுகொள்வதே இல்லை. அதனால்தான் சென்சர் மாற்றிய பிறகும் பல வண்டிகளில் அதே லைட் திரும்ப எரிகிறது.

சென்சர் அங்கே என்ன செய்கிறது

பெற்றோல் என்ஜினில் பிளக் பொறி விட்டதும் தீ ஒழுங்காகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ள வேண்டும். சூடும் அழுத்தமும் அளவுக்கு மிஞ்சினால், தீ வந்து சேரும் முன்பே ஒரு மூலையில் இருக்கும் பெற்றோல் கலவை தானாக வெடித்துவிடும். அந்த அடி சிலிண்டர் சுவரில் மோதும்போது வருகிற கிணுகிணு என்ற உலோகச் சத்தம்தான் நொக்கிங். எப்போதாவது வந்து போனால் பாதகமில்லை. தொடர்ந்து அடித்தால் பிஸ்டன் ரிங் உடையும், பிஸ்டன் தலையே ஓட்டையாகும்.

சென்சருக்குள் இருப்பது பீசோ வகை செரமிக் துண்டு. அதிர்வு பட்டால் அதில் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். நம்மிடம் இருக்கும் சிறிய கார்களில் நொக்கிங் அதிர்வு ஏறக்குறைய 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும். சிலிண்டர் விட்டம் சிறிதானால் எண்ணிக்கை கூடும். அந்தச் சத்தத்தை என்ஜினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான ஈசியூ பிரித்துப் பார்த்து, பொறி விடும் நேரத்தைச் சில பாகை பின்னுக்குத் தள்ளும். சத்தம் அடங்கியதும் மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

லயத்தில் அடுத்த காம்பராவில் பேசுவதைச் சுவரில் காதை வைத்துக் கேட்பது போலத்தான் இந்தச் சென்சர் என்ஜினைக் கேட்கிறது. காது சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் துணி இருந்தாலும், காது விலகியிருந்தாலும் ஒன்றும் கேட்காது. பின்னால் வரப்போகும் விதிகளில் பாதி இதிலிருந்து பிறப்பவைதான்.

சென்சரிடமிருந்து செய்தி வராவிட்டால் ஈசியூ பயந்துகொண்டு பொறி நேரத்தை நிரந்தரமாகப் பின்னுக்கு வைத்துவிடும். என்ஜின் உடையாது, ஆனால் பலம் குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும். தட்டையான ரோட்டில் ஓட்டுகிறவருக்கு இது தெரியாமலே போகலாம். நமக்கு முதல் முடக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எந்த வண்டியும் அங்கே இயல்பாகவே சோர்ந்துதான் ஓடும். காற்று மெலிந்த இடத்தில் நொக்கிங் வருவதும் குறைவு. நிஜமான நொக்கிங் கேட்பது கடுகண்ணாவ, கினிகத்தேன போன்ற தாழ்வான ஏற்றங்களில், ஆட்களையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு, பெரிய கியரில் குறைந்த வேகத்தில் எக்சிலேட்டரை அழுத்தும்போது. ஆகவே ஹக்கல பக்கம் வண்டி மூச்சு வாங்குகிறது என்பதற்காக மட்டும் சென்சரைச் சந்தேகிக்க வேண்டாம்.

உங்கள் வண்டியில் இது இருக்கிறதா

பழைய டீசல் வான்கள், டீசல் லொறிகள், தோட்டத்து டிராக்டர் ஆகியவற்றில் இதைத் தேடிக் களைக்க வேண்டாம். கார்பரேட்டர் வைத்த பழைய கார்களிலும் ஓட்டோவிலும் பொதுவாக இல்லை. பெற்றோலைக் கணினிக் கணக்கில் பீச்சும் ஈஎஃப்ஐ முறை வந்த பிறகு வெளியான பெற்றோல் கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும். நான்கு சிலிண்டர் என்ஜினில் வழக்கமான இடம் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே, புளொக்கின் (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடம்பின்) பக்கவாட்டில். டொயோட்டாவின் 1என்இசட் என்ஜின் வந்த கொரோலா, அலியன், புரொபொக்ஸ் போன்றவற்றில் என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும். வி6 என்ஜின்கள் சிலவற்றில் இரண்டு சென்சர்கள், அதுவும் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்துக்குள். அப்படிப்பட்ட வண்டி என்றால் முதல் முயற்சியை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

சென்சரில் இரண்டு வகை உண்டு. தட்டையான வளையம் மாதிரி இருந்து நடுவில் ஒரு எம்8 (8 மி.மீ. தடிப்பு) போல்ட் போகும் வகைதான் இப்போது அதிகம். பழைய வகைக்கு உடம்பிலேயே மரை இருக்கும், பிளக் மாதிரி புளொக்குக்குள் திருகியிருக்கும். அதைக் கழற்ற ஆழமான பெரிய சொக்கட் வேண்டும். அதில் சில, தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். கழற்றியதும் கூலன்ட் கொட்டும் என்பதால் கீழே தட்டு வைத்துவிட்டுத்தான் திருக வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

ஸ்கேனர் காட்டிய எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பி0325 என்றால் முதல் நொக் சென்சரின் சுற்றில் பழுது. பி0327 என்றால் சிக்னல் தாழ்வு, பி0328 என்றால் சிக்னல் அதிகம். இரண்டாவது சென்சருக்கு பி0330 முதல் தொடங்கும். "சுற்று" என்று சொல்வதில் வயரும் கனெக்டரும் அடக்கம் என்பதைக் கராஜில் யாரும் சொல்ல மாட்டார்கள். கைத்தொலைபேசியோடு இணைக்கும் மலிவான ஓபிடி கருவியும் இதைப் படிக்கும். ஆனால் ஜப்பானில் ஓடுவதற்கென்றே செய்த பழைய வண்டிகள் சிலவற்றோடு அது பேசாது. இங்கே ஓடுபவற்றில் பல அப்படி வந்தவைதான்.

பிறகு டோர்ச்சை எடுத்து வயரைத் தொடர்ந்து பாருங்கள். நம் ஊரில் இரவுக் குளிருக்கு எலிகள் சூடான என்ஜின் பக்கம் வந்து குடியேறும். காலையில் பார்த்தால் வயரின் மேல் உறை சன்னமாகச் சுரண்டப்பட்டு, செம்பு இழை மட்டும் பல்லைக் காட்டும். பக்கத்தில் காய்ந்த புல்லும் அரிசி போன்ற கறுப்புப் புழுக்கையும் கிடந்தால் குற்றவாளி யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த சந்தேகம் ஈரம். தென்மேற்குப் பருவத்தில் வட்டவளை, நோர்வுட் பக்கமும், வடகீழ்ப் பருவத்தில் பதுளை, வெலிமடைப் பக்கமும் நாள்கணக்கில் நனையும் வண்டிகளில் கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

இந்தச் சென்சரின் வயர் சாதாரண வயர் அல்ல. சிக்னல் மிகச் சிறியது என்பதால் பல வண்டிகளில் அதைச் சுற்றிக் கவச வலை ஒன்று போகும். வெட்டுப்பட்ட இடத்தை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் பிளக் வயரின் இரைச்சலெல்லாம் அதற்குள் புகுந்துவிடும். கவச வலையையும் சேர்த்து ஈயம் வைத்து ஒட்ட வேண்டும்.

பெற்றோலையும் யோசியுங்கள். ஜப்பானில் சாதாரண பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் 89. அதற்கென்றே செய்த வண்டிக்கு இங்குள்ள 92 போதுமானது. 95 அடித்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது பெற்றோல் நிலையத்தில் பரவிய பேச்சு. உற்பத்தியாளரே 95 கேட்கும் ஐரோப்பிய வண்டிகளின் கதை வேறு. போத்தலில் வாங்கி வைத்த பழைய பெற்றோலை ஊற்றியிருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டுப் பாருங்கள். ஒயில் அளவு, கூலன்ட் அளவு, தளர்ந்து கடகடக்கும் சைலன்சர் தகடு ஆகியவற்றையும் பாருங்கள். புளொக்கோடு சேர்ந்து அதிரும் எந்தத் தகரமும் சென்சரை ஏமாற்றக்கூடியது.

இவ்வளவும் பார்த்த பிறகும் சென்சர் மீதுதான் சந்தேகம் என்றால் கைவைக்கலாம்.

இடமும் சாமானும்

மலையகத்தில் சமதரை கிடைப்பதே பெரிய பாடு. முற்றம் சரிவாக இருந்தால் கோயில் வளவோ, பாடசாலை மைதானத்து ஓரமோ, எங்கே தட்டையோ அங்கே கேட்டு நிறுத்துங்கள். சரிவில் ஜாக் வைக்கவே கூடாது. ஹேண்ட்பிரேக், மெனுவல் என்றால் முதலாம் கியர், ஓட்டோ கியர் என்றால் பார்க், நான்கு சக்கரத்துக்கும் மரக்கட்டை. வண்டிக்கு அடியில் போக வேண்டி வந்தால் ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். நம் மண் மழைக்கு இளகியது, ஸ்டாண்டின் கால் புதைந்துவிடும். அடியில் தடித்த பலகை போடுங்கள். கருங்கல், செங்கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறோம். செங்கல் உடைவதற்கு முன்பு அறிவித்துவிட்டு உடையாது.

காலையில் தொடங்குங்கள். பிற்பகல் மழை எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது, திறந்து கிடக்கும் மனிஃபோல்டுக்குள் மழைத்தண்ணீர் போகக் கூடாது. கீழிருந்து கை எட்டும் வண்டி என்றால் அரை நாள் வேலை. மனிஃபோல்டைக் கழற்ற வேண்டும் என்றால் முழு நாளையும் ஒதுக்குங்கள்.

வேண்டியவை: 10, 12 மி.மீ. சொக்கட்டுகள், ராட்செட், நீட்டும் கம்பி, திருப்பும் மூட்டு, தட்டையான சிறிய ஸ்குரூ டிரைவர், இடுக்கி, டோர்ச், முகம் பார்க்கும் சிறு கண்ணாடி, துரு இளக்கும் ஒயில், கம்பி பிரஷ், மல்டிமீட்டர், இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச். மனிஃபோல்டுக்குப் போவதானால் புது கேஸ்கட்டையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹட்டனில் கேஸ்கட் தேடி அலைவது நல்ல பொழுதுபோக்கு அல்ல.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். டொயோட்டா அக்வாவின் முதல் தலைமுறையில் பெரிய பற்றரி 144 வோல்ட். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடவோ நகர்த்தவோ கூடாது. வண்டி ரெடி நிலையில் இருந்தால் என்ஜின் எந்த நேரமும் தானாக ஸ்டார்ட் ஆகும். ஆகவே வண்டியை அணைத்து, சாவியை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, 12 வோல்ட் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அக்வாவில் அந்தச் சிறிய பற்றரியும் பின் இருக்கைப் பக்கம்தான். ஆரஞ்சு வயரை நகர்த்தாமல் சென்சருக்குப் போக முடியாது என்று தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, அது தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எட்டிப் பிடிப்பது

என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் மூடியைத் திறந்த மாத்திரத்தில் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

முதலில் பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, திரும்பத் தொடாதபடி துணியில் சுற்றி ஒதுக்குங்கள். ரேடியோவுக்குக் குறியீடு இருந்தால் அதை முன்பே எழுதிவைக்க வேண்டும். பெற்றோல் குழாயைத் திறக்க வேண்டிய வண்டி என்றால் பற்றரிக்குக் கைவைக்கும் முன்பே, பெற்றோல் பம்பின் ஃபியூஸை உருவிவிட்டு என்ஜினை ஓட விட்டு, அது தானாக நிற்கும்வரை காத்திருந்து அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.

கழற்றும் முன் ஒவ்வொரு கோணத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஹோஸில் டேப் ஒட்டி எண் போடுங்கள். படம் எவ்வளவு எடுத்தாலும் மாலையில் ஒரு சிறிய வெக்யூம் ஹோஸ் எங்கே போகிறது என்று தெரியாமல் முழிக்க நேரும், எண் போட்டிருந்தால் அது நேராது.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் எடுங்கள். இப்போது கண்ணாடியையும் டோர்ச்சையும் வைத்துச் சென்சரைத் தேடுங்கள். கீழிருந்தோ, மேலிருந்து இரண்டு குழாய்களுக்கு நடுவிலோ கை நுழைகிறதா என்று பாருங்கள். எட்டினால் மனிஃபோல்டைத் தொடவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் விரலாலேயே வேலை செய்வது முதலில் எரிச்சலாக இருக்கும், ஆனாலும் மனிஃபோல்டைத் திறப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

எட்டவில்லை என்றால் மனிஃபோல்ட். திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள செம்மண்ணையும் தூசியையும் பிரஷால் துடைத்து எடுங்கள். த்ரொட்டில் பொடிக்குக் கூலன்ட் ஹோஸ் போயிருந்தால் கீழே தட்டை வைத்து ஹோஸைக் கழற்றி, வாயை அடையுங்கள். சிந்திய கூலன்ட்டை உடனே கழுவிவிடுங்கள். அது இனிக்கும், நாய்கள் நக்கும், நக்கினால் பிழைப்பது கடினம். போல்ட்டுகளை வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். மனிஃபோல்ட் வந்ததும் என்ஜின் தலையில் தெரியும் துளைகளுக்குள் பளிச்சென்ற நிறத்தில் துணி அடையுங்கள். எத்தனை துணி என்று எண்ணி எழுதிவையுங்கள். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் சென்சர் வேலை என்ஜின் வேலையாகிவிடும். அதே காரணத்துக்காக நீட்டும் கம்பியோடு சொக்கட்டைச் சேர்த்து இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளலாம்.

கழற்றுவது

முதலில் கனெக்டர். பூட்டு நாக்கு எந்தப் பக்கம் என்று கண்ணாடியில் பார்த்து, அதை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வருடம் சூடு தின்ற பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நாக்கு அசைய மறுத்தால் அழுக்கை ஊதி எடுத்துவிட்டு, தட்டை ஸ்குரூ டிரைவரால் மெல்ல நெம்பலாம்.

கனெக்டரைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். பச்சைக் களிம்போ தண்ணீரோ இருந்தால் எலக்ட்ரிக்கல் கிளீனர் அடித்து, உலர்த்தி, திரும்பச் சொருகி ஓட்டிப் பார்ப்பது ஒரு வழி. பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

அடுத்து போல்ட். ஜப்பான் வண்டிகளில் எம்8 போல்ட்டின் தலை பெரும்பாலும் 12 மி.மீ. சொக்கட்டுக்கு வரும். சில வண்டிகளில் புளொக்கில் நிற்கும் கம்பியில் நட்டு போட்டிருக்கும். இரண்டுக்கும் முறை ஒன்றுதான். துரு இளக்கும் ஒயிலை அடித்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள், ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். சொக்கட் தலையில் முழுதாக உட்கார்ந்ததை விரலால் தடவி உறுதிப்படுத்திய பிறகே ராட்செட்டைப் பிடியுங்கள். இளகவில்லை என்றால் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அழுத்தி, பிறகு தளர்த்தும் பக்கம் திருப்புங்கள். கம்பி நீட்டி, பைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருப்பினால் அலுமினியப் புளொக்கின் மரை போல்ட்டோடு சேர்ந்து வெளியே வரும். அதைச் சரிசெய்யும் செலவில் பல சென்சர் வாங்கலாம்.

சென்சர் எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது என்பதைக் கழற்றும் முன்பே படம் எடுங்கள். கையில் எடுத்ததும் கீழே போட்டுவிடாதீர்கள். விழுந்த சென்சரின் செரமிக் உள்ளே கீறியிருக்கலாம், வெளியே ஒரு கோடும் தெரியாது. விழுந்ததைத் திரும்பப் பூட்டவே கூடாது.

சோதித்துப் பார்ப்பது

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து சென்சரின் இரண்டு முனைகளிலும் பிடியுங்கள். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். டொயோட்டாவின் தட்டை வகைகள் பலவற்றில் 20 பாகையில் 120 முதல் 280 கிலோ ஓம் வர வேண்டும். நிசான் சிலவற்றில் 500 கிலோ ஓமுக்கு மேல். உள்ளே தடையம் (ரெசிஸ்டர்) வைக்காத வகைகளில் ஒரு மெகா ஓமுக்கும் மேலே போகும், மீட்டர் முடிவில்லை என்றே காட்டலாம். ஆகவே மீட்டர் அசையவில்லை என்பதற்காகச் சென்சர் செத்துவிட்டது என்று முடிவெடுக்காதீர்கள். உங்கள் என்ஜினின் அளவைத் தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள். சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் மட்டும் எந்த வண்டியானாலும் பழுதுதான்.

இன்னொரு சோதனை கூடுதல் நம்பிக்கை தரும், ஆனால் அதைச் சென்சர் வண்டியில் பூட்டியிருக்கும்போதே செய்ய வேண்டும். கனெக்டரை மட்டும் கழற்றி, மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்துச் சென்சரின் முனைகளில் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் புளொக்கில் சிறிய ஸ்பேனரால் லேசாகத் தட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எண் துள்ள வேண்டும். சென்சரின் மேலேயே தட்டக் கூடாது.

சென்சர் நல்லது என்று தெரிந்தால் வயரைப் பாருங்கள். புதிது வாங்கி மாட்டினாலும் லைட் எரியும் வண்டிகள் பலவும் இந்த ரகம்தான்.

வாங்குவது

பழைய சென்சரைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் உடம்பில் அச்சிட்ட பாகம் எண்ணை வைத்துத்தான் கேட்க வேண்டும். "அலியனுக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் மாட்டக்கூடிய ஏதோ ஒன்று கிடைக்கும், நொக்கிங்கைக் கேட்கக்கூடியது கிடைக்காது. அதிர்வெண்ணும் உள் தடையமும் மாறியிருந்தால் ஈசியூ ஏற்றுக்கொள்ளாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்ததும் கிடைக்கும். பாவித்த என்ஜினிலிருந்து உங்கள் கண்முன் கழற்றித் தந்தால் வாங்கலாம், பெட்டியில் குவித்து வைத்திருப்பதில் எது எத்தனை தரம் விழுந்ததோ யாருக்குத் தெரியும்.

சென்சரை எடுத்துவிட்டு அந்த வயரில் ஒரு தடையத்தைப் போட்டு லைட்டை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். லைட் அணையலாம். பாரம் ஏற்றிய வண்டியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் நொக்கிங் அடிக்கும்போது அதைக் கேட்க எதுவும் இருக்காது.

திரும்பப் பூட்டுவது

புளொக்கில் சென்சர் உட்காரும் வட்டத்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு, பெயின்ட், பழைய கிரீஸ் எதுவும் இல்லாமல் உலோகம் பளிச்சிடச் செய்யுங்கள். அந்த இடத்தில் கிரீஸ் பூசக் கூடாது, வாஷர் போடக் கூடாது, மரையில் லொக்டைட் விடக் கூடாது. சுவருக்கும் காதுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம். போல்ட்டும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டி நின்றுவிடும், இறுக்கிவிட்டதாக ரென்ச் சொல்லும், சென்சரோ தளர்ந்தே இருக்கும்.

முதல் நான்கைந்து மரை விரலாலேயே ஏற வேண்டும். சென்சரைப் பழைய திசையில் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். தட்டை வகைக்கு எம்8 போல்ட்டில் வழக்கமான அளவு 20 நியூட்டன் மீட்டர். மரை வைத்த பழைய வகைக்கு வண்டிக்கு வண்டி மாறும், பட்டறைப் புத்தகத்தில் பார்த்துத்தான் இறுக்க வேண்டும். குறைவாக இறுக்கினால் அதிர்வு முழுதாக ஏறாது. அதிகமாக இறுக்கினால் செரமிக் நெருக்குண்டு சிக்னல் மாறும், கீறவும் செய்யும். கைக்கணக்கில் இறுக்கிப் பழகிய மெக்கானிக் பாஸ்மார் சொல்லும் "நல்லா டைட் பண்ணிட்டேன்" இங்கே எடுபடாது.

டோர்க் ரென்ச் இல்லை, இரவல் வாங்கவும் ஆள் இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு ஒன்று எங்காவது கிடைக்கும். ராட்செட்டின் பிடியில், போல்ட்டின் மையத்திலிருந்து அளந்து சரியாக 20 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் தராசின் கொக்கியை மாட்டுங்கள். பிடிக்கு நேர் செங்கோணத்தில் மெல்ல இழுத்து, தராசு 10 கிலோவைத் தொட்டதும் நிறுத்துங்கள். அது ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர். பிடி குட்டையாக இருந்து 16 சென்டிமீட்டரில்தான் மாட்ட முடியும் என்றால் 12.5 கிலோ. நேரான நீட்டும் கம்பியால் கணக்கு மாறாது. திருப்பும் மூட்டைச் சரித்துப் பிடித்தால் மாறும், ஆகவே கடைசி இறுக்கலுக்கு மூட்டைத் தவிர்க்கப் பாருங்கள்.

கனெக்டரைக் கிளிக் என்று கேட்கும்வரை சொருகுங்கள். வயரைச் சூடான குழாயிலிருந்து விலக்கி, பழைய கிளிப்பிலேயே மாட்டுங்கள்.

மனிஃபோல்டைக் கழற்றியிருந்தால் துணிகளை எண்ணி எடுங்கள். எழுதிவைத்த எண்ணிக்கை வராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். இரண்டு முகத்தையும் துடைத்து, புது கேஸ்கட் வைத்து, போல்ட்டுகளை இந்தத் தடவை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாகச் சமமாக இறுக்குங்கள். பிளாஸ்டிக் மனிஃபோல்டை அதிகம் இறுக்கினால் வெடிக்கும்.

ஓட்டிப் பார்ப்பது

பற்றரியை மாட்டி, பெற்றோல் குழாய் திறந்த வண்டி என்றால் பம்பின் ஃபியூஸையும் போட்டு, சாவியை ஓனில் இரண்டு மூன்று தரம் வைத்து எடுங்கள். பம்ப் அழுத்தம் ஏற்றும். பெற்றோல் மணமோ கசிவோ இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட். ஐட்லிங் ஏறி இறங்கினால் எங்கோ ஒரு வெக்யூம் ஹோஸ் கழன்று கிடக்கிறது, சீறும் சத்தத்தைத் தொடர்ந்து போனால் அகப்படும். ஹோஸெல்லாம் சரியாக இருந்தும் பற்றரி கழற்றியதால் ஐட்லிங் கொஞ்ச நேரம் ஒழுங்கில்லாமல் இருப்பது சில வண்டிகளில் வழக்கம்.

ஸ்கேனரால் குறியீட்டை அழியுங்கள். என்ஜின் முழுச் சூட்டுக்கு வந்ததும் ஒரு நல்ல ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கம்பளைப் பக்கம் இருப்பவர்களுக்கு றம்பொடை ஏற்றத்தின் தொடக்கம் போதும், பண்டாரவளைக்காரர்களுக்கு பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும் பாதை. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஸ்கேனரின் நேரடித் தரவில் பொறி நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எக்சிலேட்டரை அழுத்தும்போது எண் ஏறி இறங்கி உயிரோடு இருக்க வேண்டும். ஒரேயடியாகத் தாழ்ந்து நின்றால் ஈசியூ இன்னும் பயத்தில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பார்த்து நிரப்புங்கள். அதே குறியீடு திரும்பி வந்தால் இன்னொரு சென்சர் வாங்க ஓட வேண்டாம். சென்சரின் கனெக்டரிலிருந்து ஈசியூ வரை வயரின் தொடர்ச்சியையும், கவச வலை வண்டியின் பொடியோடு (எர்த்தோடு) சேர்ந்திருக்கிறதா என்பதையும் மீட்டரால் அளந்து பாருங்கள்.